ஒரே சைட்டோகைன், ஆளுக்கொரு வேலை: வெள்ளையணுக்களின் ஏற்பிகள் செய்தி வாங்கும் விதம்

கேள்வி இதுதான்: "என் மாமாவுக்கு முடக்குவாதம். மருத்துவர் டோஃபாசிட்டினிப் மாத்திரை எழுதியிருக்கிறார், ஆனால் தொடங்குவதற்கு முன் டி.பி. டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார். வெள்ளையணுக்களில் உள்ள சைட்டோகைன் ஏற்பிகளின் வேலையை மாத்திரை தடுக்கும் என்றார். தேடிப் பார்த்தால் பூட்டு, சாவி படம்தான் வருகிறது. ஒரே சாவி ஒரு செல்லில் ஒன்றும் இன்னொரு செல்லில் வேறொன்றும் செய்வது எப்படி? இதற்கும் காசநோய்க்கும் என்ன சம்பந்தம்?"

பூட்டு, சாவி படம் முழுப் பொய் இல்லை. வடிவம் பொருந்தினால்தான் வேலை நடக்கும், அது சரி. ஆனால் அந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு, பூட்டு என்பது ஒரே துண்டு, கதவில் எப்போதும் இருக்கும், அதற்கென்று ஒரு சாவிதான் உண்டு என்று தோன்றிவிடும். வெள்ளையணுக்களில் இந்த மூன்றுமே பெரும்பாலும் நடப்பதில்லை. பூட்டு இரண்டு மூன்று துண்டுகளாகச் செல்லின் சவ்வில் மிதக்கிறது. சில துண்டுகள் தேவைப்படும்போது மட்டும் வருகின்றன. ஒரே துண்டு நாலைந்து பூட்டுகளுக்குப் பொதுவாக இருக்கிறது. உங்கள் முதல் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. மாமாவின் மாத்திரை பிறந்ததும் இங்கிருந்துதான், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் அடிப்படை. நம் இரத்தத்தில் ஒரு மைக்ரோ லிட்டருக்குச் சுமார் 4,000 முதல் 11,000 வெள்ளையணுக்கள் இருக்கின்றன. நியூட்ரோபில், லிம்போசைட், மோனோசைட், ஈசினோபில், பேசோபில் என்று சாதாரண இரத்தப் பரிசோதனைச் சீட்டிலேயே பிரித்துப் போட்டிருப்பார்கள். இவை ஒன்றுக்கொன்று தகவல் சொல்லிக்கொள்ள வெளியிடும் சிறு புரதங்கள்தான் சைட்டோகைன்கள். இன்டர்லூகின், இன்டர்ஃபெரான், டி.என்.எஃப். எல்லாம் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தவை. புரதம் என்பதால் செல்லின் கொழுப்புச் சவ்வைத் தாண்டி உள்ளே போக முடியாது. ஸ்டீராய்டு போல நேரே உள்ளே நுழைந்து வேலை செய்ய வழியில்லை. வெளியே நின்றுதான் சேதி சொல்ல வேண்டும். அதை வாங்கி உள்ளே கடத்துவதுதான் ஏற்பியின் வேலை. ஒரு செல்லில் ஒரு வகை ஏற்பி பல சமயம் சில நூறிலிருந்து சில ஆயிரம்வரைதான் இருக்கும். செல்லின் அளவோடு பார்த்தால் இது சொற்பம். அதிலும் கொஞ்சம் ஏற்பிகளில் சைட்டோகைன் உட்கார்ந்தாலே செல் பதில் சொல்லத் தொடங்கிவிடும்.

எல்லா ஏற்பிகளையும் மேலோட்டமாகச் சொல்வதைவிட ஒன்றை எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்ப்பது நல்லது. எனக்குப் பிடித்த உதாரணம் இன்டர்லூகின்-2 ஏற்பி. ஐ.எல்-2 என்பது டி செல்களை (லிம்போசைட்டில் ஒரு வகை) பெருகச் செய்யும் பொருளாக 1976-இல் அடையாளம் காணப்பட்டது. அதன் ஏற்பி மூன்று சங்கிலிகளால் ஆனது: ஆல்ஃபா, பீட்டா, காமா. ஆய்வகச் சீட்டில் சிடி25 என்று பார்த்தால் அது ஆல்ஃபா, சிடி122 பீட்டா, சிடி132 காமா.

மூன்றுக்கும் வேலை ஒன்றல்ல. ஆல்ஃபாவுக்குச் செல்லின் உட்பக்கம் நீளும் வால் வெறும் 13 அமினோ அமிலங்கள்தான். அதை வைத்துக்கொண்டு உள்ளே ஒரு சேதியும் சொல்ல முடியாது. ஐ.எல்-2-ஐப் பிடித்து நிறுத்துவது மட்டும்தான் அதன் வேலை, தனியாக இருந்தால் அந்தப் பிடியும் தளர்வானதே. பீட்டாவும் காமாவும் சேர்ந்தால் ஐ.எல்-2-ஐ ஓரளவு பிடிக்கவும் செய்யும், சேதியை உள்ளே அனுப்பவும் செய்யும். ஆனால் அதற்குச் சுற்றுப்புறத்தில் நிறைய ஐ.எல்-2 இருக்க வேண்டும், சுமார் ஒரு நானோமோலார் செறிவு. மூன்றும் ஒன்றுசேர்ந்தாலோ பிடி சுமார் நூறு மடங்கு இறுகிவிடுகிறது, அந்தச் செறிவில் நூறில் ஒரு பங்கான 10 பிகோமோலார் இருந்தாலே போதும். ஒரு துளி வாசனைக்கே திரும்பிப் பார்க்கும் மூக்கு மாதிரி.

இப்போது யாரிடம் எந்தத் துண்டு இருக்கிறது என்று பாருங்கள். ஓய்வில் இருக்கும் டி செல்லில் ஆல்ஃபா கிட்டத்தட்ட இல்லை. அதனால் பக்கத்தில் கொஞ்சம் ஐ.எல்-2 கசிந்தாலும் அதற்கு உறைக்காது. கிருமியின் துண்டை அடையாளம் கண்டுகொண்ட டி செல்தான் ஆல்ஃபாவைத் தயாரித்துச் சவ்வில் ஏற்றுகிறது. ஐ.எல்-2 கிடைத்ததும் அதே சமிக்ஞை இன்னும் ஆல்ஃபாவைத் தயாரிக்கச் சொல்கிறது. ஆக, கிருமியைப் பார்த்த செல் மட்டும் பல்கிப் பெருகுகிறது, பக்கத்தில் சும்மா இருக்கும் செல் அப்படியே இருக்கிறது. என்.கே. செல்களில் (இயற்கைக் கொல்லி செல்கள்) பீட்டாவும் காமாவும் கணிசமாக உண்டு, ஆல்ஃபா பெரும்பாலும் குறைவு. எனவே ஐ.எல்-2 அதிகமாகக் கொட்டினால்தான் அவை எழும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, ஒழுங்குபடுத்தும் டி செல்கள். இவை மற்ற டி செல்களை அடக்கி வைப்பவை. இவற்றின் மேல் ஆல்ஃபா எப்போதும் நிறைய இருக்கும். 1995-இல் ஷிமோன் சகாகுச்சி இந்தச் செல்களைப் பிரித்து எடுத்ததே சிடி25-ஐ அடையாளமாக வைத்துத்தான். அந்த ஆராய்ச்சிக்கு 2025-இல் அவருக்கும் மேரி புருன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மூக்கு கூர்மையாக இருப்பதால் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் ஐ.எல்-2-ஐ இவை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஒரு விசித்திரம் நடக்கிறது: ஐ.எல்-2 மரபணுவை எலியிடமிருந்து எடுத்துவிட்டால் அதன் எதிர்ப்புச் சக்தி படுத்துவிடும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. அடக்கி வைக்கும் செல்கள் பட்டினி கிடந்து செயலிழக்க, மிச்சமிருந்த டி செல்கள் சொந்த உடம்பையே தாக்கத் தொடங்கின. "வளர்ச்சிக் காரணி" என்று பெயர் வைத்த பொருளுக்கு இரண்டாவது முகம் இப்படித்தான் தெரிய வந்தது.

ஆக, உங்கள் கேள்விக்குப் பாதி விடை வந்துவிட்டது. சைட்டோகைன் தனக்குள் "பெருகு", "அடங்கு" என்று எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. எந்தச் செல், எந்தத் துண்டுகளை, எத்தனை, எந்த நேரத்தில் சவ்வில் நிறுத்தியிருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம் தருகிறது. அப்புறம், உள்ளே அந்தச் செல் எந்த மரபணுக்களைத் திறந்து தயாராக வைத்திருக்கிறது என்பதும்.

சரி, சேதி வெளியிலிருந்து உள்ளே எப்படிப் போகிறது? பீட்டாவின் உள்வாலில் ஜாக்-1 என்ற நொதியும், காமாவின் உள்வாலில் ஜாக்-3 என்ற நொதியும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இந்த வகை ஏற்பிகளுக்குச் சொந்தமாக நொதி கிடையாது. எல்லாம் இரவல்தான். தீப்பெட்டி ஒரு பக்கம், குச்சி ஒரு பக்கம் கிடந்தால் ஒன்றும் ஆகாது. ஐ.எல்-2 வந்து சங்கிலிகளை நெருக்கிப் பிடிக்கும்போது ஜாக்குகள் இரண்டும் உரசும் தூரத்துக்கு வருகின்றன. ஒன்றன் மேல் ஒன்று பாஸ்பேட்டை ஏற்றி விழித்துக்கொள்கின்றன. அடுத்து ஏற்பியின் வாலில் இருக்கும் டைரோசின் என்ற அமினோ அமிலங்களின் மேலும் ஜாக்குகள் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. வெறும் வாலாகத் தொங்கியது இப்போது கொக்கிகள் முளைத்த வாலாகிவிடுகிறது.

அந்தக் கொக்கியில் வந்து மாட்டுபவை ஸ்டாட் புரதங்கள். மனிதரில் மொத்தம் ஏழு. ஐ.எல்-2 விஷயத்தில் முக்கியமாக வருவது ஸ்டாட்-5. மாட்டிக்கொண்டதும் ஜாக் அதன் மேலும் ஒரு பாஸ்பேட்டை ஏற்ற, அது வாலைவிட்டு விலகி, இன்னொரு ஸ்டாட்-5-உடன் ஜோடி சேர்ந்து, உட்கருவுக்குள் போய் டி.என்.ஏ.வில் தனக்குரிய இடத்தில் உட்கார்கிறது. நடுவில் தூதர் மாற்றித் தூதர் என்று நீண்ட சங்கிலி எதுவும் இல்லை. சவ்வில் கிளம்பியதே உட்கருவில் போய் நிற்கிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். இந்தக் குறுக்கு வழியை 1990-களின் தொடக்கத்தில் இன்டர்ஃபெரானை வைத்து வெளிக்கொண்டு வந்தவர்களில் ஜேம்ஸ் டார்னெல் முக்கியமானவர். ஜாக் என்ற பெயருக்கு இரு முகம் கொண்ட ரோமானியக் கடவுள் ஜேனஸைக் காரணம் சொல்வார்கள். முதலில் "இன்னுமொரு கைனேஸ்" (கைனேஸ் என்றால் பாஸ்பேட்டை ஏற்றும் நொதி) என்று அலுப்போடு வைத்த ஆங்கிலப் பெயரின் சுருக்கம்தான் அது என்பது துறைக்குள் எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கை. இரு முகம் என்பதும் பொருத்தமே. ஜாக்கில் கைனேஸ் போலவே இரண்டு பகுதிகள் உண்டு, ஒன்று வேலை செய்யும், மற்றொன்று அதற்குப் பிரேக். ஜாக்-2-இன் பிரேக் பகுதியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால், சேதி வராமலே ஏற்பி "சேதி வந்தது" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இரத்தச் சிவப்பணுக்கள் மிதமிஞ்சிப் பெருகும் பாலிசைதீமியா வீரா நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இந்த மாற்றம் இருக்கிறது.

நிறுத்துவதற்கும் ஏற்பாடு வேண்டும் அல்லவா? ஸ்டாட் உட்கருவில் திறக்கும் மரபணுக்களிலேயே சாக்ஸ் என்ற புரதங்களுக்கானவையும் இருக்கின்றன. அவை தயாரானதும் திரும்பி வந்து ஜாக்கையும் ஏற்பியின் வாலையும் அடக்குகின்றன. தூண்டியவனே கடிவாளத்தையும் கையில் கொடுத்துவிட்டுப் போவது போல. தவிர, ஐ.எல்-2 மாட்டிய ஏற்பியைச் செல் சீக்கிரமே உள்ளே இழுத்துக்கொள்ளும். பீட்டாவும் காமாவும் உள்ளே சிதைக்கப்படுகின்றன, ஆல்ஃபா மட்டும் பெரும்பாலும் மறுபடி மேலே வருகிறது.

இப்போது பொதுத் துண்டு விஷயத்துக்கு வருவோம். காமா சங்கிலி ஐ.எல்-2-க்கு மட்டும் உரியதல்ல. ஐ.எல்-4, 7, 9, 15, 21 என்று மொத்தம் ஆறு சைட்டோகைன்களின் ஏற்பிகளில் அதே காமா உட்கார்ந்திருக்கிறது. ஒரே மிருதங்க வித்வான் ஆறு பாடகர்களுக்கு வாசிக்கிற மாதிரி. அவர் படுத்துக்கொண்டால் ஆறு கச்சேரியும் நிற்கும்.

அது நிஜமாகவே நின்றது. 1971-இல் ஹூஸ்டனில் பிறந்த டேவிட் வெட்டர் என்ற சிறுவனைக் கிருமி நுழையாத பிளாஸ்டிக் கூண்டுக்குள் வளர்த்தார்கள். "குமிழிச் சிறுவன்" என்று உலகம் முழுக்கப் பேசப்பட்டவன். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு 1984-இல் 12 வயதில் இறந்துபோனான். அவனுக்கிருந்த நோயில் டி செல்லும் என்.கே. செல்லும் உருவாகவே உருவாகாது. பி செல்கள் எண்ணிக்கையில் இருக்கும், உருப்படியாக வேலை செய்யாது. எக்ஸ் குரோமோசோம் வழி வருவதால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கே வரும். அதன் காரணம் 1993-இல்தான் தெரிந்தது: காமா சங்கிலியின் மரபணுவில் பழுது. ஆறு சைட்டோகைன்களும் ஒரே நேரத்தில் ஊமையாகிவிட்டன. டி செல் வளர ஐ.எல்-7 வேண்டும், என்.கே. செல் வளர ஐ.எல்-15 வேண்டும். இரண்டின் சேதியும் உள்ளே போகவில்லை.

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. காமாவின் வாலில் உட்கார்ந்திருப்பது ஜாக்-3. அப்படியானால் காமா நன்றாக இருந்து ஜாக்-3 மட்டும் இல்லாவிட்டாலும் இதே நோய் வர வேண்டும் அல்லவா? தேடினார்கள். 1995-இல் அப்படிப்பட்ட குழந்தைகள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். அச்சாக அதே நோய், ஆனால் ஜாக்-3 மரபணு 19-ஆம் குரோமோசோமில் இருப்பதால் பெண் குழந்தைகளுக்கும் வந்தது. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் ஜாக்-3-இல் வேலை செய்த ஜான் ஓஷேயா குழுவினர் இதைத் தலைகீழாகத் திருப்பி யோசித்தார்கள். ஜாக்-3 இல்லாவிட்டால் எதிர்ப்புச் சக்தி முழுக்கப் படுத்துவிடுகிறது. மற்ற உறுப்புகளுக்கு நேரடியாகப் பெரிய பாதிப்பில்லை. அப்படியென்றால் எதிர்ப்புச் சக்தி எல்லை மீறும் நோய்களில் அதைப் பாதி அளவுக்கு அடக்கினால் என்ன? ஃபைசர் நிறுவனத்தோடு சேர்ந்து அந்தத் தேடல் தொடர்ந்தது. 2012-இல் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அனுமதி பெற்று வெளிவந்தது டோஃபாசிட்டினிப். உங்கள் மாமாவின் மாத்திரைக்கு அந்தக் குமிழிச் சிறுவன் ஒரு விதத்தில் மூதாதை.

மாத்திரை ஏற்பியைத் தொடுவதில்லை என்பதைக் கவனியுங்கள். சைட்டோகைன் வழக்கம்போல வரும், சங்கிலிகள் வழக்கம்போல நெருங்கும். ஆனால் ஜாக் பாஸ்பேட்டை எடுக்கும் குழியில் மாத்திரையின் மூலக்கூறு உட்கார்ந்திருக்கும். தீக்குச்சி நனைந்துவிட்டது. ஜாக்-3-ஐ மட்டும் தடுக்க வேண்டும் என்று தொடங்கியது ஜாக்-1-ஐயும் நன்றாகவே தடுக்கிறது, ஜாக்-2-ஐக் கொஞ்சம் குறைவாக. இது பின்னால் முக்கியம்.

எல்லா ஏற்பிகளும் இந்த வழியில்தான் போகின்றன என்று நினைத்துவிட வேண்டாம். டி.என்.எஃப். என்பது மூன்று பிரதிகள் சேர்ந்த முக்கோணம். அது தன் ஏற்பிகளையும் மூன்று மூன்றாகக் கூட்டுகிறது. அங்கே ஜாக் இல்லை. வேறு புரதங்கள் கூடி என்.எஃப். கப்பா-பி என்ற விசையைத் தட்டிவிடும், சூழல் மோசமானால் செல்லைத் தற்கொலைக்கும் அனுப்பும். காய்ச்சலைக் கிளப்பும் ஐ.எல்-1 மூன்றாவது ஒரு வழி. அதற்கு உடம்பே ஓர் ஏமாற்று ஏற்பியை வைத்திருப்பது தனி வேடிக்கை: வெளியே பிடிக்கும், உள்ளே சொல்லாது, சும்மா காலி செய்வதற்கு. நியூட்ரோபில்களைச் சீழ் பிடித்த இடத்துக்கு இழுக்கும் ஐ.எல்-8 போன்றவற்றின் ஏற்பிகள் சவ்வை ஏழு தடவை துளைத்து வளைந்திருக்கும் வேறொரு குடும்பம். அதில் ஒன்றான சி.சி.ஆர்.5-ஐத்தான் எச்.ஐ.வி. உள்ளே நுழையும் கைப்பிடியாகப் பயன்படுத்துகிறது.

ஐ.எல்-6 பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கொரோனா காலத்தில் இந்தப் பெயர் வீடு வீடாக வந்துவிட்டது. அதன் ஏற்பியில் இரண்டு பாகம். ஐ.எல்-6-ஐப் பிடிக்கும் பாகம் சில வெள்ளையணுக்களிலும் கல்லீரல் செல்களிலும் மட்டும்தான் கணிசமாக உண்டு. சேதி அனுப்பும் பாகமான ஜி.பி.130 உடம்பில் எங்கும் உண்டு. பிடிக்கும் பாகம் செல்லிலிருந்து அறுந்து இரத்தத்தில் மிதக்கவும் செய்யும். அப்படி மிதப்பது ஐ.எல்-6-ஐ ஏந்திக்கொண்டு போய், அதுவரை காது கேட்காத செல்களுக்கும் கேட்க வைத்துவிடும். அழற்சி உடம்பு முழுக்கப் பரவ இது ஒரு வழி. 2021 இரண்டாம் அலையில் ஊர் ஊராகத் தேடி அலைந்த டோசிலிசுமாப் ஊசி, செல்லில் இருப்பது மிதப்பது இரண்டையும் அடைக்கும் ஆன்டிபாடி. பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வில் 28 நாள் இறப்பு அதைப் பெற்றவர்களில் 31 சதவீதம், பெறாதவர்களில் 35 சதவீதம். பலன் உண்டு, ஆனால் அன்று வாட்ஸ்அப்பில் பரவிய அளவுக்கு இல்லை.

கடைசியாகக் காசநோய். நம் ஊரில் பலருக்கு உடம்புக்குள் காசநோய்க் கிருமி உறங்கிக்கொண்டிருக்கும், நோய் இருக்காது. மேக்ரோபேஜ்கள் என்ற விழுங்கும் செல்கள் கிருமியை விழுங்கி, சுற்றிக் கோட்டை கட்டி அடைத்து வைத்திருக்கும். ஆனால் விழுங்கிய மேக்ரோபேஜுக்குத் தானாகக் கொல்லும் தெம்பு போதாது. டி செல் வெளியிடும் இன்டர்ஃபெரான் காமா வந்து அதன் ஏற்பியைத் தட்ட வேண்டும். (பெயரில் காமா இருந்தாலும் மேலே சொன்ன காமா சங்கிலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) அந்த ஏற்பி இரண்டு வகைச் சங்கிலிகளால் ஆனது. ஒன்றில் ஜாக்-1, மற்றொன்றில் ஜாக்-2, இரண்டுமே மாத்திரையின் பிடியில் வருபவை. அவை ஸ்டாட்-1-ஐ அனுப்பியதும்தான் மேக்ரோபேஜ் கொலைகாரனாக மாறும். கோட்டை இடியாமல் காப்பதில் டி.என்.எஃப்.புக்கும் பெரிய பங்கு. அதனால்தான் டி.என்.எஃப். தடுப்பு ஊசிகளுக்கு முன்னாலும் இதே பரிசோதனை கேட்பார்கள்.

இந்த ஏற்பி எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சாட்சி உண்டு. இன்டர்ஃபெரான் காமா ஏற்பி இல்லாமல் பிறக்கும் அபூர்வக் குழந்தைகளுக்கு, மற்றவர்கள் தோளில் சின்னத் தழும்போடு கடந்து போகும் பி.சி.ஜி. தடுப்பூசியே உடம்பு முழுக்கப் பரவி ஆபத்தாகிவிடும். மாமாவின் மாத்திரை அந்த அளவுக்குப் போவதில்லை. அதன் பாதி இரத்தத்திலிருந்து நீங்க மூன்று மணி நேரம்தான் ஆகும். ஆகவே ஏற்பியின் வாயை அடைப்பதில்லை, குரலைத் தாழ்த்துகிறது. மூட்டில், ஜாக் வழியாகவே சேதி அனுப்பும் ஐ.எல்-6 போன்றவற்றின் சத்தம் தாழும்போது வலியும் வீக்கமும் குறையும். கூடவே நுரையீரலில் காவல் காக்கும் மேக்ரோபேஜுக்கும் சேதி மங்கலாகத்தான் கேட்கும். உறங்கும் கிருமி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்ப்பது அதற்குத்தான்.

ஆய்வகங்களில் டி.பி. கோல்டு என்று சொல்லும் பரிசோதனையும் சைட்டோகைனை அளப்பதுதான். மாமாவின் இரத்தத்தைக் காசநோய்க் கிருமியின் புரதத் துண்டுகளோடு ஓர் இரவு வைத்து, டி செல்கள் இன்டர்ஃபெரான் காமாவை வெளியிடுகின்றனவா என்று பார்ப்பார்கள். பாசிட்டிவ் வந்தால் பதற வேண்டாம், உடனே மாத்திரை கிடையாது என்றும் அர்த்தமில்லை. எக்ஸ்ரேயும் பார்த்து, நோய் இல்லை, கிருமி உறங்குகிறது என்று உறுதியானால் தடுப்பு மருந்து தொடங்கி, வழக்கமாக ஒரு மாதமாவது போன பிறகு டோஃபாசிட்டினிப் ஆரம்பிப்பார்கள். மாமா ஏற்கெனவே ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் நினைவூட்டுங்கள். டி செல்கள் சோர்ந்திருந்தால் பரிசோதனையில் "இன்டிடெர்மினேட்" என்று வரலாம். அதை நெகட்டிவ் என்று எடுத்துக்கொண்டு மாத்திரையைத் தொடங்கிவிடக் கூடாது.